கதிரவன் முடிக்காத விமானம்

அந்த விமானத்தை எடுத்தவன் நான்தான்.

அதைக் குரங்கு தூக்கிக்கொண்டு போகவில்லை. மழையில் ஊறிக் குப்பையோடு குப்பையாகப் போகவில்லை. லாரியில் ஏறி எங்கோ ஓர் ஆலையில் உருகி, வாளியாகவோ குடமாகவோ மாறவும் இல்லை. என் அறையில், பரண்மேல், மூடி போட்ட ஒரு தகர டப்பாவுக்குள் இருக்கிறது. செஞ்சியில் இதை அறிந்தவன் நான் ஒருவன் மட்டும்தான். இப்போது நீங்களும் அறிந்துகொண்டீர்கள்.

நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. தெரியாததால்தான் சொல்ல முடிகிறது. தெரிந்தவர் முகத்துக்கு நேரே என்னால் ஒரு வார்த்தையும் பேச முடிந்ததில்லை. பெண் பார்க்கப் போன வீடுகளில்கூட, மாப்பிள்ளைக்குப் பேச்சு வராதா என்று என் அண்ணனைத்தான் கேட்டார்கள். நாற்பத்தெட்டு வயதாகிறது. தனியாகத்தான் இருக்கிறேன்.

திருவண்ணாமலை சாலையில் ஒரு பழைய சாமான் கடையில் வேலை. பிளாஸ்டிக் பிரிப்பது என் பொறுப்பு. வாளி ஒரு குவியல், மருந்து பாட்டில் ஒரு குவியல், உடைந்த நாற்காலி ஒரு குவியல். எல்லாம் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். ஆனால் தட்டினால் ஒன்று தொப்பென்று ஒலிக்கும், ஒன்று கண்ணாடி போலக் கணீரென்று ஒலிக்கும். வளைத்தால் ஒன்று வளையும், ஒன்று உடையும். சந்தேகம் வந்தால் ஓரத்தைக் கொளுத்தி முகர்ந்து பார்ப்பேன். என் மூக்கு தவறியதில்லை என்பார் முதலாளி. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. பிறகு படித்ததெல்லாம் கடைக்கு எடைக்கு வரும் பழைய வாரப் பத்திரிகைகளில்தான்.

நான்கு வருடங்களுக்கு முன், ஒரு மாலையில், சைக்கிள் கேரியரில் ஒரு சாக்கைக் கட்டிக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். சாக்கைக் கவிழ்த்தார். எதற்கு எவ்வளவு என்றுகூட அவர் கேட்கவில்லை.

"எல்லாம் குப்ப. இன்னா வேணா பண்ணிக்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

பழைய செருப்பு, பாடப் புத்தகங்கள், நசுங்கிய அலுமினியத் தட்டு. அவற்றுக்கு நடுவே ஓர் அட்டைப் பெட்டி. பெட்டியின்மேல் மேகத்தைக் கிழித்துக்கொண்டு ஏறும் ஒரு போர் விமானத்தின் படம்.

திறந்தேன். உள்ளே பாதி விமானம் இருந்தது. உடலும் ஓர் இறக்கையும் ஒட்டப்பட்டு, வர்ணம் பூசப்பட்டிருந்தன. மற்ற துண்டுகள் இன்னும் தங்கள் சட்டங்களிலேயே, கொடியில் காய்கள் போலத் தொங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் அருகிலும் ஓர் எண். ஒரு துண்டைத் தட்டினேன். கணீரென்றது. எந்தக் குவியலில் போட வேண்டும் என்பது அந்த நொடியே தெரிந்துவிட்டது.

போட்டிருந்தால்...

அந்தப் பெட்டியில் மடித்த ஒரு தாள் இருந்தது. விரித்தேன். அதில் எழுத்தே இல்லை! படமும் எண்ணும் அம்புக்குறியும் மட்டும். பன்னிரண்டைப் பதின்மூன்றோடு சேர், இந்தப் பக்கம் திருப்பு, இங்கே பொருத்து. உங்களுக்கு இது சாதாரணமாகத் தோன்றலாம். வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் தாசில்தார் அலுவலகத்திலும் என் கையில் எவ்வளவோ தாள்கள் திணிக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றையாவது இன்னொருவர் உதவியில்லாமல் நான் புரிந்துகொண்டதில்லை. முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை நானே புரிந்துகொண்ட முதல் தாள் அதுதான்.

ஏழாவது படம் வரை பென்சிலால் சின்னச் சின்ன டிக் அடிக்கப்பட்டிருந்தது. எட்டிலிருந்து ஒன்றும் இல்லை. அந்த எட்டாவது படம் என்னைக் கூப்பிட்டது போலிருந்தது.

சாப்பாட்டுத் தூக்கை வைக்கும் பையில் பெட்டியை வைத்து வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

கடையிலிருந்து ஒரு துரும்பைக்கூட எடுக்கக் கூடாது என்பது எங்கள் முதலாளியின் சட்டம். கடையில் வேலை செய்த குப்பன் என்பவன் ஒரு பித்தளைக் குழாயை எடுத்துவிட்டான் என்று அந்தக் குழாயையே கயிற்றில் கட்டி அவன் கழுத்தில் மாட்டி, கடை வாசலில் நிற்க வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டுப் போகும் பிள்ளைகளெல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அதை நானும் பார்த்தேன். பார்த்தும் எடுத்தேன்.

மறுநாள் காலை, கடை திறந்த கொஞ்ச நேரத்தில், ஓர் அம்மாள் மூச்சு வாங்க ஓடி வந்தார். தலைகூடச் சரியாக வாரவில்லை. அவர்தான் அஞ்சலை அக்கா. சாக்கைக் கவிழ்த்துவிட்டுப் போன பெரியவரின் மனைவி.

"நேத்து எங்க வூட்டுக்காரரு ஒரு சாக்கு கொண்டாந்து போட்டாராமே. அதுல ஒரு அட்டப் பொட்டி... ஏரோப்ளேன் படம் போட்டது. எம் புள்ளயோடது. நான் ஊருல இல்லாத நேரம் பாத்து எடுத்தாந்து போட்டுட்டாரு."

முதலாளி பேப்பரிலிருந்து நிமிரவில்லை. "எங்க கடையில ஒரு பொருளும் காணாம போவாதும்மா. தோ, ஏழுமலையக் கேளு. அவன் கை படாம ஒரு மூடிகூட உள்ள போவாது."

அக்கா என்னைப் பார்த்தார். முதலாளி என்னைப் பார்த்தார். அலுமினியம் நசுக்கிக்கொண்டிருந்த ஆள் சுத்தியலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

நான் தலையை ஆட்டினேன். இல்லை என்று.

அவ்வளவுதான். வாயால் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதை நினைத்து எத்தனை நாள் என்னை நானே ஏமாற்றியிருக்கிறேன் தெரியுமா? 'ஏழுமலை, நீ பொய் சொல்லவில்லை, தலையைத்தான் ஆட்டினாய்' என்று! தலைக்கும் எனக்கும் சம்பந்தமில்லாதது போல.

அக்கா போகவில்லை. குவியலுக்கு அருகில் உட்கார்ந்து, ஒவ்வொரு துண்டாக எடுத்துப் பார்க்கத் தொடங்கினார். நானும் அருகில் உட்கார்ந்து தேடினேன். ஆம், தேடினேன். என் பரண்மேல் இருந்த பொருளை அந்தத் தாயோடு சேர்ந்து உச்சி வெயில் வரும்வரை தேடினேன்.

அப்போதுதான் கதை முழுவதும் சொன்னார். மகன் பெயர் கதிரவன். விமானப்படையில் சேர வேண்டும் என்று மூன்று முறை போய்த் திரும்பி வந்தான். கடைசி முறை திரும்பியபோது வரும் வழியில் அந்தப் பெட்டியை வாங்கிவந்தான். வேறு வேலைக்கும் போகாமல் அதையே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அவுங்க நைனா வுடல தம்பி. 'மொளச்ச மீசைய வெச்சிக்கினு பொம்மையா ஒட்டிக்கினு கெடக்கற, ஒனக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்'னு தெனம் ஒரு பாட்டு. ஒரு நாளு கை நீட்டிட்டாரு. அவனும் சட்டைய மாட்டிக்கினு கெளம்பிட்டான். போவ சொல்ல என்னாண்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னான். 'யம்மா, அத்த யாரும் தொடாதீங்க. நான் வந்து முடிக்கிறேன்'னு."

அவன் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. அதன் பிறகு ஒரு ஃபோனும் இல்லை.

"அது இருந்தா வருவான். அதுக்காவது வருவான்" என்றார்.

அப்போதே சொல்லியிருக்கலாம் அல்லவா? முதலாளி சாப்பிடப் போயிருந்தார். 'அக்கா, என் வீட்டில் இருக்கிறது.' நான்கு சொற்கள். ஆனால் அதற்குள் அரை நாள் அவரோடு சேர்ந்து தேடிவிட்டேனே! தேடாமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பேனோ? தெரியவில்லை... இன்றுவரை தெரியவில்லை.

மேல்மலையனூர் அம்மனுக்கு வேண்டிக்கொண்டு, அஞ்சலை அக்கா ஒவ்வோர் அமாவாசைக்கும் போகத் தொடங்கினார். பேருந்து நிலையம் போகும் வழி எங்கள் கடை. மதியம் மஞ்சள் புடவையோடு வாசலில் வந்து நிற்பார்.

"இன்னா ஏழுமல, ஏதாச்சும் வந்துச்சா?"

நான் தலையை ஆட்டுவேன்.

மறுநாள் திரும்பும்போது இறங்கி வந்து, எனக்குக் குங்குமம் கொடுத்துவிட்டுப் போவார். ஒரு முறை முதலாளி கேலி செய்தார்: "எங்களுக்கெல்லாம் கெடையாதா? இவனுக்கு மட்டும் ஸ்பெஷல் பஸ்ஸு வுட்டு கொண்டாரயே."

"நீ ஒக்காந்த எடத்துல ஒக்காந்து பேப்பர் படிக்கறவன். இவன் எங்கூட குப்பையில எறங்கித் தேடனவன்" என்றார் அக்கா.

அந்தக் குங்குமத்தை என்ன செய்வது என்று எனக்குத் தெரிந்ததில்லை. நெற்றியில் வைக்கப் பயம். கீழே போடவும் பயம். காகிதத்தோடு மடித்து அதே தகர டப்பாவில் போட்டுவைத்தேன்.

இனி சொல்லப் போவது இதைவிடக் கேவலமானது.

விமானத்தை நான் முடித்தேன்.

முடித்து, யாரும் பார்க்காதபோது அவர்கள் வீட்டு வாசலில் வைத்துவிடலாம் என்று நினைத்தேன். பாதியாக எடுத்ததை முழுதாகத் திருப்பிக் கொடுத்தால் பாவம் குறையும் என்று ஒரு கணக்கு. உண்மையைச் சொல்வதென்றால் அதுவும் சாக்குதான். எட்டாவது படத்தை ஒட்டிப் பார்க்க என் விரல்கள் துடித்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவேன். வெளியே கோட்டைக்குப் போகும் வண்டிகளின் இரைச்சல். உள்ளே நான், ஒரு பிளேடு, ஒரு பசைக் குழாய். ஒரு படம் முடிந்ததும் பேனாவால் டிக் அடிப்பேன். ஏழு வரை அவன் பென்சில், எட்டிலிருந்து என் பேனா. என் வாழ்க்கையில் நான் மகிழ்ச்சியாக இருந்த நாட்கள் எவை என்று கேட்டால் அந்த ஞாயிற்றுக்கிழமைகளைத்தான் சொல்வேன். இதைச் சொல்லவே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஒட்டிய இறக்கையின் முனையில் கதிரவன் ஒரு பொட்டு வைத்திருந்தான். இன்னும் ஒட்டாத இறக்கையின் முனையிலும் ஒன்று. விமானத்தின் விளக்குகள். பெட்டியில் இருந்த படத்தில் இடது பக்கம் சிவப்பு, வலது பக்கம் பச்சை. அவன் வைத்ததோ மாறியிருந்தது. அவசரத்தில் மாற்றிவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். பிளேடால் இரண்டையும் சுரண்டினேன். வளையல், பொட்டு விற்கும் கடைக்குப் போய், சிவப்பிலும் பச்சையிலும் நகப்பூச்சு வாங்கினேன்.

"யாருக்குண்ணா? சொல்லவே இல்லியே" என்று கடைப் பெண் சிரித்தாள். காது சுட்டது. அதையும் பொறுத்துக்கொண்டு வந்து, இரண்டு பொட்டுகளையும் சரியான இடத்தில் வைத்தேன். எவ்வளவு பெருமைப்பட்டேன் தெரியுமா?

அடுத்த அமாவாசைக்கு வந்தபோது, கடை வாசலில் தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டே அக்கா ஏதோ நினைவில் சொன்னார்.

"கண்ணு டெஸ்டுலதான் தம்பி அவன மூணு வாட்டியும் தள்ளிட்டாங்க. செவப்பு எது பச்ச எதுன்னு அவனுக்குத் தெரியாதாம். எனக்கே அப்பதான் தெரியும். அந்த ஏரோப்ளேன் றெக்கைக்குப் பொட்டு வெக்க சொல்ல, 'யம்மா, இதுல எது செவப்பு'ன்னு என்னக் கேட்டான். நான் அடுப்புல இருந்தேன். திரும்பிக்கூடப் பாக்காம, 'ஒங் கையாண்ட இருக்கறதுதான்டா'ன்னுட்டேன். சரியா வெச்சானோ இன்னாவோ."

என் கையில் ஒரு நாற்காலிக் கால் இருந்தது. அது நழுவிக் கீழே விழுந்தது.

அது தவறே அல்ல. ஒரு மகன் வெட்கத்தை விட்டுத் தாயிடம் கேட்ட கேள்வியும், அவள் அடுப்படியிலிருந்தே சொன்ன பதிலும் சேர்ந்த இரண்டு பொட்டுகள் அவை. அவற்றைத்தான் நான் சுரண்டி, ஊதி, தரையில் பறக்க விட்டேன். திருத்தினேன் என்று பெருமைப்பட்டேன்...

கடைசியாக மிச்சமிருந்தது விமானி உட்காரும் இடத்தின் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் மூடி. உள்ளே விரல் நகம் அளவு ஒரு விமானி. அவன் தலைக்கவசத்தில் கதிரவன் ஊசிமுனையால் 'க' என்று எழுதியிருந்தான். மூடியைப் பசை தொட்டு ஒட்டினேன். தூசி படக் கூடாது என்று விமானத்தைத் தகர டப்பாவில் வைத்து மூடினேன். காலையில் திறந்தேன். கண்ணாடி முழுவதும் வெள்ளையாகப் பூத்திருந்தது, பனி பிடித்தது போல. அந்தப் பசையின் ஆவி வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே படிந்துவிட்டது. துணியால் துடைத்தேன். எண்ணெய் தடவினேன். பிறகு பதற்றத்தில் பெயிண்ட் கரைக்கும் தின்னரைத் தொட்டுத் துடைத்தேன். கண்ணாடி இளகிச் சுருங்கிவிட்டது.

முப்பது வருடமாகப் பிளாஸ்டிக் பிரிப்பவன் நான். எது எதில் கரையும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அன்று என் கைக்கு ஒன்றும் தெரியவில்லை.

உள்ளே இருந்த விமானி அதன் பிறகு வெளியே தெரியவே இல்லை.

இனி எப்படிக் கொடுப்பது? கொடுக்க முடியாததாக ஆகிவிட்டதில் ஒரு சின்ன நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நான் கவனித்தேன். என்னை நான் வெறுக்கத் தொடங்கியது அன்றுதான்.

இரண்டு வருடம் போனது. பெரியவர் இறந்துபோனார். மகனுக்குச் சொல்ல எண் இல்லை. எப்படியோ யாரோ சொல்லி, காரியமெல்லாம் முடிந்து பல மாதம் கழித்து, கதிரவன் தாய்க்கு ஃபோன் செய்தான்.

அமாவாசை அல்லாத ஒரு நாளில் அக்கா கடைக்கு வந்ததால்தான் எனக்குத் தெரிந்தது. அவர் முகம் சிரிக்கிறதா அழுகிறதா என்று சொல்ல முடியவில்லை.

"ஏழுமல, அவன் பேசனான்டா. நாளைக்கு வர்றான். அவுங்க நைனாவப் பத்திக்கூட ஜாஸ்தி கேக்கல. 'அது இருக்குதா'ன்னுதான் கேட்டான். 'அப்டியே இருக்குதுப்பா, ஒருத்தரும் கை வெக்கல'ன்னு சொல்லிட்டேன். வேற இன்னா சொல்றது, சொல்லு? இல்லன்னா வரமாட்டான்."

பிறகு, கடைக்குள்ளிருந்த குவியல்களைப் பார்த்தார். "ஒரே ஒரு வாட்டி நல்லாப் பாரு தம்பி. அடியில கிடியில கெடந்தா..."

வழக்கம்போலத் தலையை ஆட்ட முடியவில்லை. ஆட்டாமலும் இருக்க முடியவில்லை. பார்க்கிறேன் என்பது போல ஏதோ செய்தேன்.

மறுநாள் காலை வேலைக்குப் போகவில்லை. விமானத்தைத் துணியில் சுற்றிச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு அவர்கள் தெருவுக்குப் போனேன். கண்ணாடி சுருங்கியிருந்தால் என்ன, பொட்டுகள் மாறியிருந்தால் என்ன, திட்டட்டும், அடிக்கட்டும், குப்பனைப் போல வாசலில் நிற்க வைக்கட்டும் என்று தீர்மானித்துத்தான் போனேன். எதிரே இருந்த பெட்டிக் கடையில் ஒரு டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அவன் வந்தான். தாடி வைத்திருந்தான். வாசலில் அக்கா ஆரத்தி சுற்றினார். உள்ளே போனார்கள். அந்தத் தெருவைத் தாண்டப் பத்து அடி. ஒரு டீயை எவ்வளவு நேரம் குடிக்க முடியும்? நான் குடித்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவன் குரல் வெளியே கேட்டது. சத்தமாகக்கூட இல்லை.

"எங்கம்மா வெச்ச?"

அக்கா ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை.

"நைனா போட்டாரு, சரி. அவரு போடுவாருன்னு எனக்குத் தெரியும். நீ ஏன் இருக்குதுன்ன? ஃபோன்ல ஒண்ணே ஒண்ணுதான கேட்டேன் ஒன்ன. அதுக்கும் பொய்யா?"

"கதிரு... சாப்ட்டுட்டுப் பேசலாம் வாப்பா. ஒனக்குன்னு மீன் கொழம்பு..."

"இத்தினி வருசம் இந்த வூட்ல என் பக்கமா ஒருத்தராவது இருக்குறாங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

அவன் வெளியே வந்தான். வந்தபோது தோளில் மாட்டியிருந்த அதே பை. என்னைத் தாண்டித்தான் போனான். கை நீட்டினால் அவன் சட்டை தொடும் தூரம். என் பையில் அவன் விமானம். 'தம்பி' என்று ஒரு சொல் போதும். உதடு பிரிந்ததுகூட நினைவிருக்கிறது. அவன் தெருமுனை திரும்பும்வரை அப்படியே பிரிந்த உதடோடு நின்றேன்.

அக்கா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அவன் வந்தபோது சுற்றிய ஆரத்தித் தட்டு இன்னும் பக்கத்திலேயே இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து தெருவைத் தாண்டி வந்தார். எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். தெரிந்துவிடட்டும் என்றும் இருந்தது.

"நீ எதுக்குப்பா வேலைய வுட்டுட்டு வந்த? கெடைக்கலன்னு சொல்லவா? எனக்குத் தெரியும். நீ இன்னா பண்ணுவ பாவம்" என்றார். என் பையைத் தொட்டார். "சாப்பாடு ஆறிப் போவுது பாரு. போயி துன்னு."

போனேன்.

கதிரவன் அதன் பிறகு ஃபோனை எடுக்கவே இல்லை.

அக்கா இப்போதும் அமாவாசைக்குப் போகிறார். மஞ்சள் புடவை வெளுத்துவிட்டது. கடை வாசலில் நிற்கிறார். ஆனால் கேட்பதில்லை. கேட்டால் தலையை ஆட்டலாம். கேட்காமல் நிற்பவரிடம் எதை ஆட்டுவது? தண்ணீர் குடித்துவிட்டு, "வரேன் ஏழுமல" என்று போய்விடுகிறார். மறுநாள் குங்குமம் மட்டும் தவறாமல் வருகிறது.

பையனைப் பறித்தது நானா, அவன் அப்பாவா, அந்தப் பொய்யா என்று நீங்கள் எனக்காக யோசிக்க வேண்டாம். நான் யோசித்துவிட்டேன். பெரியவர் போட்டது குப்பை என்று நினைத்து. அக்கா பொய் சொன்னது மகன் வர வேண்டும் என்பதற்காக. நான் என்ன காரணத்துக்காகத் தலையை ஆட்டினேன்? மூன்று பேர் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். அவ்வளவுதான் காரணம். இவ்வளவு சின்னக் காரணத்துக்கு ஒரு வீடு காலியாகுமா?

நாளை அமாவாசை.

தகர டப்பாவை இறக்கிவிட்டேன். குங்குமப் பொட்டலங்களை ஒதுக்கி, விமானத்தை எடுத்துத் துணியில் சுற்றி, சாப்பாட்டுப் பையின் அடியில் வைத்திருக்கிறேன். அன்றிலிருந்து ஒவ்வோர் அமாவாசைக்கும் இப்படித்தான் வைக்கிறேன். கடைக்குக் கொண்டுபோவேன். என் காலடியில் அந்தப் பை இருக்கும். அக்கா வந்து நிற்பார். தண்ணீர் குடிப்பார். போவார்.

சாயங்காலம் வீட்டுக்குத் திரும்ப எடுத்துக்கொண்டு வருவேன்.